படிக்கும்போதே உழைக்க: அறிவியல் நகர் பொறியியல் மாணவருக்கு ஒரு கைவழிகாட்டி

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் பலருக்கு மாத நடுவிலேயே கைமுட்டு வந்துவிடுகிறது. 2025 வரவுசெலவுத் திட்டம் மாதாந்த மகாபொல புலமைப்பரிசிலை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பேர்சரி உதவித்தொகையை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டியது. நல்ல உதவிதான். ஆனால் சாப்பாடு, டேட்டா, வீட்டுக்குப் போய்வரும் பஸ் காசு, புரொஜெக்டுக்கு வாங்கும் சாமான் எல்லாவற்றையும் அது தாங்காது. அதனால்தான் "கம்பஸுக்குள்ளேயே ஏதும் வேலை இருக்குமோ?" என்ற கேள்வி ஒவ்வொரு பற்ச்சிலும் எழுகிறது.

இருக்கிறது. ஆனால் அறிவித்தல் பலகையில் அதைத் தேடினால் கிடைக்காது. பத்திரிகையில் விளம்பரம் வரும் தற்காலிக இன்ஸ்ட்ரக்டர் போன்ற பதவிகள் பட்டம் முடித்தவர்களுக்கு உரியவை. படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் காசு வரக்கூடிய இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: யாரோ ஒரு விரிவுரையாளர் வென்ற ஆராய்ச்சி நிதி. தேசிய விஞ்ஞான மன்றம் கொடுத்ததாக இருக்கலாம், பல்கலைக்கழகமே கொடுத்ததாக இருக்கலாம், வெளியிலிருந்து ஒரு நிறுவனம் கேட்ட பரிசோதனையாகவும் இருக்கலாம். அந்த நிதியில் உதவியாளருக்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கியிருப்பார்கள். அது யாருக்குப் போகும் என்பது, தேவை வரும் நாளில் அந்தச் சேரின் மனதில் முதலில் வரும் பெயரைப் பொறுத்தது. உங்கள் பெயர் அப்படி வருவதற்கு என்ன செய்யவேண்டும், வந்த வேலையைப் பழுதில்லாமல் எப்படி முடிப்பது, உழைத்த காசை எப்படிக் கையில் எடுப்பது என்பவற்றை இங்கே சொல்கிறோம்.

முதலில் மணித்தியாலக் கணக்கு

காசைப் பற்றி யோசிக்குமுன் நேரத்தை எண்ணுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். ஒரு செமஸ்டரில் 18 கிரெடிட் எடுத்தால் 900 மணித்தியாலம். விரிவுரை வாரங்கள் 15, படிப்பு லீவும் பரீட்சையும் ஒரு 5 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 45 மணித்தியாலம் படிப்புக்கே போகிறது. லப் ரிப்போர்ட் எழுதுவதும் இதற்குள்தான் அடங்குகிறது. துணி துவைப்பதும், தண்ணீர் வராத நாளில் வாளியோடு நிற்பதும், வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போவதும் இதற்கு வெளியே.

அமெரிக்காவில் மாணவர் விசாவில் படிப்போர் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்ற விதியைப் பலர் இங்கே அளவுகோலாக எடுக்கிறார்கள். அங்கே முழுநேர மாணவர் என்பதற்கு ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் போதும். இங்குள்ள பொறியியல் சுமையோடு 20 மணித்தியாலம் சேர்த்தால் மூன்றாம் செமஸ்டரிலேயே புள்ளி சரியும். வாரத்துக்கு 8 மணித்தியாலம், இலேசான செமஸ்டரில் 10. அதற்கு மேல் ஒப்புக்கொள்ளவேண்டாம். கூடுதலாக உழைக்க விரும்பினால் செமஸ்டர் விடுமுறையில் முழு வாரமாகச் செய்யுங்கள். அந்த நேரம் விரிவுரையாளர்களுக்கும் களவேலைக்கு ஆள் தேவைப்படும்.

எட்டு மணித்தியாலத்தையும் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். இரண்டு விரிவுரைகளுக்கு இடையில் கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தில் அடுப்பிலிருந்து மண் மாதிரியை எடுத்து நிறுக்கலாம். அதற்கு மேல் எதுவும் நடக்காது. அரைநாள் வெறுமையாக உள்ள ஒரு நாளை நேர அட்டவணையில் கண்டுபிடித்து, அந்த நாளைத்தான் சேரிடம் சொல்லவேண்டும். வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுதமுடியாமல் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் "சேரின்ர வேலைக்குத்தானே போனேன்" என்று இன்னொரு பாடத்தின் வரவுக்குக் காரணம் சொல்லலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அந்தப் பாடத்தின் விரிவுரையாளருக்கு அது காரணமாகாது.

எந்த வேலை, யாருக்குப் பொருந்தும்

அறிவியல் நகரில் பொறியியற் பீடத்தோடு விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருப்பது பெரிய வாய்ப்பு. பலர் தங்கள் துறைக்குள்ளேயே வேலை தேடி ஓய்ந்துபோகிறார்கள். நீர்ப்பாசனம், மண் ஈரம், அறுவடைக்குப் பிந்திய உலர்த்தல் என்று விவசாயப் பக்கம் நடக்கும் ஆய்வுகளுக்கு சென்சர் கட்டவும், தரவைச் சேமிக்கவும், குறியீடு எழுதவும் ஆள் தேவை. அங்கே மின் அல்லது கணினிப் பொறியியல் மாணவர் ஒருவர் போய் நின்றால் போட்டிக்கு ஆள் குறைவு.

சிவில் மாணவருக்கு ஆய்வுகூடப் பரிசோதனைகளும் நிலமட்ட அளவீடும், மெக்கானிக்கல் மாணவருக்கு மாதிரி செய்தல், முப்பரிமாண அச்சு, சோதனைக் கருவிகளுக்கான தாங்கி வரைதல். இவை தவிர எந்தத் துறைக்கும் பொதுவான ஒன்று வீட்டுக்கு வீடு போகும் கணக்கெடுப்பு. அதில் தமிழ் பேசும் மாணவருக்கு ஒரு தனிப் பெறுமதி உண்டு. பீடத்தில் நாட்டின் எல்லாப் பகுதியிலிருந்தும் பிள்ளைகள் படிக்கிறார்கள். இரணைமடுக் குளத்து வாய்க்காலோரம் நிற்கும் கமக்காரரிடம் அவர் மொழியில் கேள்வி கேட்டு, அவர் சொன்னதன் உட்பொருளையும் பிடித்துவர எல்லாராலும் முடியாது. அதேநேரம் தரவைப் பகுப்பாய்வதில் கெட்டிக்காரரான சிங்கள நண்பர் ஒருவரோடு சேர்ந்து இருவராகக் கேட்டால், ஒரு ஆய்வின் முழு வேலையும் உங்கள் இருவருக்கே வந்துவிடும்.

கேட்கும் முறை

"சேர், எந்த வேலை எண்டாலும் செய்வன்" என்று போய் நிற்பதால் பயனில்லை. அவருக்கு உங்களை எங்கே பொருத்துவது என்று தெரியாது. "பாப்பம் தம்பி" என்பதோடு முடிந்துவிடும். ஒரு கருவியையோ ஒரு மென்பொருளையோ முதலில் கையில் எடுத்து, அதில் தனியாக விடக்கூடிய அளவுக்குத் தேறுங்கள். ஆட்டோ லெவல், டோட்டல் ஸ்டேசன், யுனிவர்சல் டெஸ்டிங் மெசின், ஒஸிலஸ்கோப், கியூஜிஐஎஸ், பைதன் – எது என்றாலும் சரி.

அதைக் கற்றுத்தரக்கூடியவர் லப்பில் இருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ரீ.ஓ. கருவி எங்கே பிசகும், எந்த ஆய்வு எப்போது தொடங்குகிறது, எந்தச் சேருக்கு ஆள் தேவை என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். பாடத்தின் செய்முறை முடிந்ததும் பத்து நிமிடம் நின்று கருவியைத் துடைத்து, பெட்டியில் வைத்து, பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகும் பிள்ளையை அவர் மறக்கமாட்டார். இதைக் காக்காய் பிடிப்பதாக எண்ணவேண்டாம். கருவியைப் பொறுப்பாகப் பாவிக்கிறீர்களா என்பது அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

பிறகு விரிவுரையாளருக்கு மின்னஞ்சல். ஆங்கிலத்திலேயே போகட்டும், ஆறேழு வரி போதும். எந்த ஆண்டு, எந்தத் துறை, பதிவிலக்கம், அவருடைய எந்த ஆய்வைப் பற்றி அறிந்தீர்கள், அதில் எந்தத் துண்டை நீங்கள் செய்யமுடியும், வாரத்தில் எந்த நாள் எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, பரீட்சைத் திகதிகள், நீங்கள் செய்த ஒரு வேலைக்கான ஆதாரம் – ஒரு வரைபடம், ஒரு குறியீட்டுத் தொகுப்பு, ஒரு நல்ல லப் ரிப்போர்ட். பரீட்சைத் திகதியை முதல் மின்னஞ்சலிலேயே சொல்வது முக்கியம். அதை மறைத்து வேலை எடுத்து, பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் காணாமல் போனவரை இரண்டாம் முறை யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள்: "சேர், போன கிழமை ஒரு மெயில் போட்டனான். சேருக்கு நேரம் கிடைச்சால் ஐந்து நிமிசம் கதைக்கலாமோ?" அது போதும்.

தொடங்குமுன் எழுதிக்கொள்ள வேண்டியவை

வேலை சரி என்றதும் வெட்கப்படாமல் ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தே பெரும்பாலான பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். யாரும் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. எழுதாததால் எல்லாரும் வெவ்வேறு விதமாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கொடுப்பனவு மணித்தியாலத்துக்கா, நாளுக்கா, மாதிரிக்கா, படிவத்துக்கா? அது ஆய்வு நிதியின் எந்தச் செலவுத் தலைப்பில் இருந்து வரும்? பயணமும் சாப்பாடும் தனியா, உள்ளடங்கியதா? மணித்தியாலத்தை யார் உறுதிப்படுத்திக் கையொப்பமிடுவார்? அவர் வெளிநாடு போனால் பதிலுக்கு யார்? ஆய்வு நிதி எந்தத் திகதியில் முடிகிறது? கட்டுரை வெளிவந்தால் உங்கள் பங்களிப்பு எப்படிக் குறிப்பிடப்படும்?

செலவுத் தலைப்பைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. உதவியாளர் என்ற தலைப்பில் காசு முடிந்துபோய், இரசாயனப் பொருள் என்ற தலைப்பில் மிச்சம் இருந்தால், அதை இதற்கு மாற்ற அனுமதி எடுக்கவேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். காசே இல்லாத தலைப்பில் வேலை செய்துவிட்டு பிறகு அலைவதைவிட முதல் நாளே கேட்பது நல்லது.

படிவக் கணக்கில் வேலை எடுக்கும்போது மிகவும் கவனம். ஒரு படிவத்துக்கு 250 ரூபா என்றால் கேட்க நன்றாக இருக்கும். உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு நேர்காணல் 40 நிமிடம், அடுத்த வீட்டுக்குப் போக 15 நிமிடம், நான்கு வீட்டில் ஒன்று பூட்டிக் கிடக்கும். அந்த வெறும் நடையையும் பங்கிட்டால் ஒரு படிவத்துக்கு ஒரு மணித்தியாலம். ஆறு மணித்தியாலத்தில் ஆறு படிவம், 1,500 ரூபா. இரவில் சரிபார்க்க இன்னொரு மணித்தியாலம். பஸ்ஸும் சாப்பாடும் 400 போனால் கையில் 1,100; ஏழு மணித்தியாலத்துக்கு, அதாவது மணித்தியாலத்துக்கு 157 ரூபா. வன்னியில் வீடுகள் காணிக்கு நடுவே தள்ளித் தள்ளி இருப்பதால் யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் போட்ட கணக்கு இங்கே பொருந்தாது. ஆகவே முதல் ஐந்து படிவத்தைச் செய்து பார்த்து, எடுத்த நேரத்தை எழுதிக்காட்டிய பிறகே தொகையை முடிவாக்குங்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கும், மீண்டும் போகும் பயணத்துக்கும் ஒரு சிறு தொகை கேட்பது நியாயமானது.

களவேலை

கிராமத்துக்குள் போகுமுன் கிராம அலுவலருக்கு விரிவுரையாளரின் கடிதத்தைக் காட்டுங்கள். கமக்காரர் அமைப்பின் தலைவருக்கும் சொல்லுங்கள். ஒரு காலத்தில் எத்தனையோ பேர் வந்து படிவம் நிரப்பிப் போன ஊர்கள் இவை. எதற்குக் கேட்கிறீர்கள், இதனால் அவருக்கு என்ன வரும், என்ன வராது என்பதை நேர்மையாகச் சொல்லுங்கள். வீடு, நட்டஈடு, நிவாரணம் என்ற எதிர்பார்ப்பை உண்டாக்கி விடை வாங்குவது பெரும் தவறு. காணாமற்போனவர்கள், இடப்பெயர்வு என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் படிவத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். அந்த அரை மணித்தியாலத்தையும் வேலை நேரமாகவே எழுதுங்கள்.

காலபோக விதைப்பு நடக்கும் ஒக்டோபர், நவம்பரிலும், அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சிலும் கமக்காரரைப் பகலில் பிடிக்கமுடியாது. அதிகாலையிலோ பின்னேரம் நாலரைக்குப் பிறகோதான் அவருக்கு வாய் திறக்க நேரம். பின்னேரம் என்றால் திரும்பி வருவதையும் எண்ணவேண்டும்: ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் பக்கக் காட்டோர வீதிகளில் பொழுதுபட்டால் யானை நிற்கும். மோட்டார் சைக்கிளில் தனியாக வரவேண்டாம்; இருவராகப் போய், ஏ9 வீதிக்கு வெளிச்சத்திலேயே வந்துசேரும்படி கடைசி வீட்டை முடியுங்கள்.

மிதிவெடி அபாயத்தைப் பொறியியல் மாணவருக்கு யாரும் வகுப்பில் சொல்வதில்லை. அகற்றும் பணி வன்னியில் பல ஆண்டுகளாக நடந்தும் எல்லா நிலமும் முடிந்துவிடவில்லை. நிலமட்டம் எடுக்கும்போது கோட்டை நேராகப் பிடிக்கவேண்டும் என்று பற்றைக்குள் இறங்குவது, மண் மாதிரிக்காகப் பாவனையில் இல்லாத காணியில் துளைப்பது – இரண்டும் ஆபத்து. ஊரார் அன்றாடம் நடக்கும் பாதையிலும் உழுத நிலத்திலும் மட்டும் நில்லுங்கள். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த அடியிலேயே திரும்புங்கள். இரும்புத் துண்டு எதையும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு 119 இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். அளவீட்டுக் கோடு வளைந்தால் வளையட்டும்.

கைபேசியில் கோபோ போன்ற செயலியால் தரவெடுப்பதாயின் படிவத்தை வளாகத்திலேயே இறக்கி, வலை இல்லாத நிலையில் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். உள்ளூர் குளக்கட்டுகளில் சிக்னல் நம்பத்தக்கதல்ல. ஜீபிஎஸ் துல்லியம் 5 மீற்றருக்கு இறங்கும்வரை வெட்டையில் நின்று காத்திருங்கள். மரநிழலில் நின்று அமத்தினால் வரைபடத்தில் கிணறு பக்கத்துக் காணிக்குள் போய்விடும். நிலத்தின் அளவை எழுதும்போது ஏக்கரா பரப்பா என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறியவர் பரப்பில் சொல்வார், மற்றவர் ஏக்கரில் சொல்வார். விளைச்சலை மூட்டையில் சொன்னால் மூட்டை எத்தனை கிலோ என்பதையும் கேட்டு எழுதுங்கள். இந்த இரண்டு கேள்வியும் விடுபட்டால் முழுத் தொகுப்பையுமே பகுப்பாய்வில் தூக்கி எறியவேண்டி வரும். நாள் முடிவில் அறைக்கு வந்ததும் அனுப்புங்கள். கைபேசி ஒன்று வாய்க்காலில் விழுந்தால் ஒரு கிழமை உழைப்பு தண்ணீரோடு போகும்.

ஆய்வுகூட வேலை

கொங்கிரீற் கனவுருச் சோதனைக்கு உதவுவதே சிவில் மாணவருக்கு அதிகம் வரும் வேலை. 150 மில்லிமீற்றர் கனவுருக்களை வார்த்து, தண்ணீரில் முதிரவைத்து, 7 ஆம், 28 ஆம் நாட்களில் நசுக்கிப் பார்ப்பார்கள். 7 உம் 28 உம் ஏழின் மடங்குகள் என்பதால் வாரத்தில் எந்த நாள் வார்த்தீர்களோ அதே நாளிலேயே சோதனையும் விழும். சனிக்கிழமை வார்த்தால் சோதனையும் சனிக்கிழமை, லப் பூட்டியிருக்கும். ஆகவே உங்களுக்கு அரைநாள் வெறுமையாக உள்ள வேலைநாளில் வார்க்கலாம் என்று சேரிடம் சொல்லி, 28 நாள் கழித்து வரும் திகதி போயா (பௌர்ணமி) விடுமுறையோ பரீட்சையோ என்று நாட்காட்டியில் பார்த்துவிட்டு வார்க்கத் தொடங்குங்கள். இலக்கத்தைக் கனவுருவின் மேற்பக்கத்தில் ஆணியால் கீறி, பதிவேட்டிலும் எழுதுங்கள். மார்க்கரால் எழுதியது தொட்டித் தண்ணீரில் அழிந்துவிடும். புதிதாகக் கலந்த கொங்கிரீற்றின் இளக்கத்தைப் பார்க்கும் ஸ்லம்ப் சோதனையில், 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பை மூன்று படையாக நிரப்பி, படைக்கு 25 குத்து. இருபதில் நிறுத்திவிட்டு மற்றவரோடு கதைத்தால் பெறுபேறு வேறாகும்.

மண்ணின் ஈரப்பதனுக்கு 105 முதல் 110 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம் அடுப்பில் வைப்போம். இரவில் மின்சாரம் போய் வந்திருந்தால் 24 மணித்தியாலம் என்று எழுதாதீர்கள். நிறையை அளந்து, மீண்டும் சில மணித்தியாலம் வைத்து, மறுபடி அளந்து, நிறை மாறாத பிறகே எழுதவேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் மாதிரிகளுக்குப் போத்தலை அதே தண்ணீரால் மூன்றுமுறை அலசி நிரப்புங்கள். ஐஸ் பெட்டியில் 4 பாகையில் வைத்துக் கொண்டுவாருங்கள். சித்திரை வெயிலில் பஸ் இருக்கைக்கு அடியில் கிடந்து வந்த மாதிரியால் பயனில்லை. பீ.எச். மானியை 4, 7, 10 தாங்கற் கரைசல்களாலும், மின்கடத்துதிறன் மானியை 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலாலும் அன்றைய காலையில் சரிசெய்து, அதையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

சென்சர் வேலைக்குப் போவோர் மலிவான இரட்டைக் கம்பி மண் ஈர சென்சரை வாங்கவேண்டாம். மின்னோட்டத்தால் கம்பி சில வாரங்களில் அரிக்கப்பட்டுவிடும். கொள்ளளவு வகையை எடுங்கள். அதிலும் மேல் ஓரத்தில் உள்ள இலத்திரன் பாகங்களும் பலகையின் வெட்டு விளிம்புகளும் திறந்தே வரும். எபொக்சியோ நகப்பூச்சோ இரண்டு பூச்சுப் பூசி உலரவிடுங்கள். சென்சர் காட்டும் அளவை ஈரவீதமாக மாற்ற இணையத்தில் கிடைத்த சூத்திரத்தைப் போடாதீர்கள்: அதே வயலின் மண்ணை எடுத்து, ஐந்தாறு ஈர அளவில் சென்சர் காட்டும் அளவையும் அடுப்பு முறையில் கண்ட ஈரத்தையும் சேர்த்து ஒரு வளைகோடு வரையுங்கள். இப்படிச் செய்து கொடுத்தவர் அடுத்த போகத்துக்கும் அழைக்கப்படுவார். ஒக்டோபர் இடிமின்னல் தொடங்குமுன் வயலில் நிற்கும் பெட்டிகளின் நீண்ட வயர்களுக்குப் பாதுகாப்புப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளியாருக்குச் செய்யும் வேலை

வீட்டுப் படம் வரைதல், அளவீட்டுப் பட்டியல் தயாரித்தல், முப்பரிமாண அச்சு, உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் அல்லது பௌதிகவியல் ரியூசன் – வளாகத்துக்கு வெளியே இவை உண்டு. இவற்றில் ரியூசன்தான் மாதாமாதம் நிச்சயமாகக் காசு தருவது. வன்னியின் உள்ளூர்ப் பாடசாலைகளுக்கு அந்தப் பாடங்களில் நல்ல ஆசிரியர் தேவையும் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கல்வி நிலையத்தோடு பேசுங்கள். செமஸ்டர் பரீட்சைக்கு யார் பதிலுக்கு எடுப்பார் என்பதையும் முதலே ஒழுங்குபடுத்துங்கள். உயர்தரப் பிள்ளைக்கு ஒரு மாத இடைவெளி பெரிய இழப்பு.

வரைதல் வேலைக்கு ஓட்டோகாட்டின் மாணவர் பதிப்பைப் பாவிக்கக்கூடாது. அது படிப்புக்கு மட்டும். மட்லப்பும் அப்படியே. காசுக்குச் செய்வதை லிப்ரேகாட், பிரீகாட், கியூஜிஐஎஸ், ஒக்டேவ் ஆகியவற்றில் செய்யுங்கள். பிரதேச சபைக்குப் போகும் படத்தில் கையொப்பமிடத் தகுதியுள்ளவர் வேறு. நீங்கள் அவருக்கு வரைந்து கொடுப்பவர். அதேபோல் காணி எல்லை அளப்பதை ஏற்காதீர்கள். 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி அது அனுமதி பெற்ற நில அளவையாளரின் வேலை. வன்னியில் எல்லைப் பிணக்கு இல்லாத காணி குறைவு. தெரியாமல் கோடு கீறிக் கொடுத்து நீதிமன்றப் படி ஏறவேண்டாம். மட்டம் எடுத்துக் கொடுப்பது வேறு விடயம். அதற்கு முன் இரு முளைச் சோதனை செய்து, கருவி சரியாக மட்டம் காட்டுகிறதா என்று பாருங்கள். சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே மூடுங்கள். சுற்றிய தூரத்தைக் கிலோமீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 12 ஆல் பெருக்கிய மில்லிமீற்றருக்கு மேல் பிழை நின்றால் மறுபடி எடுங்கள்.

இன்னொருவரின் அசைன்மென்டையோ இறுதியாண்டு புரொஜெக்டையோ காசுக்குச் செய்து கொடுக்கவேண்டாம். இலகுவாகக் கிடைக்கும் வேலை அதுதான். இரண்டு பேரின் பட்டத்தையும் ஒன்றாகக் கெடுப்பதும் அதுதான். உங்கள் பற்ச்சின் விடைத்தாளைத் திருத்தச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். உங்களுக்கு வந்த கணக்கெடுப்பை "அண்ணா சொல்றன், போய் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இலவசமாக வாங்கவும் வேண்டாம். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் அந்தத் தங்கச்சிக்கும் மாத நடுவில் கைமுட்டுத்தான்.

காசைக் கையில் எடுப்பது

பீடம் கிளிநொச்சியில், பல்கலைக்கழகத்தின் தலைமை நிர்வாகம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். கோப்பு ஒவ்வொரு மேசையாகப் போகும் என்பதை ஏற்றுக்கொண்டு, எந்த மேசையிலும் திரும்பி வராதபடி அனுப்புவதே உங்கள் வேலை.

நேரப் பதிவைத் திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், செய்த வேலை, மொத்தம் என்று எழுதி, வாரம் ஒருமுறை கையொப்பம் வாங்குங்கள். மாத முடிவில் ஒன்றாக வாங்கப் போனால் சேர் கருத்தரங்குக்குப் போயிருப்பார். "ஆய்வு உதவி, 4 மணித்தியாலம்" என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். "கனவுரு 12 வார்த்தல், ஸ்லம்ப் சோதனை 3" என்றால் கேள்வி வராது. அடையாள அட்டையில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து மாறினாலும் காசு நிற்கும். நீண்டநாள் பாவிக்காத கணக்காயின் ஒருமுறை சிறு தொகை போட்டு எடுத்து உயிர்ப்பியுங்கள்.

பஸ் ரிக்கற்றைச் சேர்த்து வைப்பது மட்டும் போதாது. மெசினில் அடித்த ரிக்கற்றின் எழுத்து இங்குள்ள வெயிலுக்கு ஓரிரு மாதத்தில் வெளிறிவிடும். அன்றே படம் எடுத்து, போட்டோக் கொப்பியும் எடுத்து, போன இடத்தைப் பின்பக்கம் எழுதுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கவேண்டும். யாரிடம் எந்த நாள் கொடுத்தீர்கள் என்ற குறிப்பும் வேண்டும்.

நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. நவம்பர் வரை செய்த வேலைக்கான கோரிக்கையை டிசம்பர் முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தவறினால் அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கம் வரும்வரை காத்திருக்கவேண்டும். ஆய்வு நிதியே முடிந்திருந்தால் அதுவும் இல்லை.

முழுநேர நியமனக் கடிதம் எதையும் ஏற்கவேண்டாம். மகாபொல அல்லது பேர்சரி பெறுபவர் தான் கையொப்பமிட்ட நிபந்தனைகளை ஒருமுறை வாசித்து, மாணவர் நலக் கிளையில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வெளி நிறுவனம் ஒன்று உங்களை ஊழியராக எடுத்தால் பகுதிநேரமானாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதம். சம்பளத் துண்டில் அதைத் தேடுங்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. வரி இலக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கொடுப்பவர்கள் கேட்பார்கள்.

வேலை முடியும் நாளில் தரவு, குறியீடு, கடவுச்சொற்கள், திறப்பு, கருவி எல்லாவற்றையும் ஒரு பட்டியலோடு ஒப்படைத்து, பட்டியலில் கையொப்பம் வாங்குங்கள். தரவு ஆய்வுக்குச் சொந்தம். உங்கள் மடிக்கணினியில் உள்ள பிரதியைச் சேர் சொன்னபடி அழித்துவிடுங்கள். அதே நாளில் ஒரு சான்றுக் கடிதம் கேளுங்கள்: தொடங்கிய திகதி, முடிந்த திகதி, மொத்த மணித்தியாலம், தனியாகக் கையாண்ட கருவிகளின் பெயர். பயிற்சிக்கு நிறுவனம் தேடும்போது அந்தக் கடிதம் உதவும். ஆனால் வளாகத்துக்குள் செய்த வேலை கைத்தொழிற் பயிற்சிக் காலமாகச் சேரும் என்று எண்ணியிருக்காமல், பயிற்சிப் பொறுப்பாளரிடம் தனியாகப் பேசுங்கள். கடிதத்தின் வரைவை நீங்களே எழுதிக்கொண்டு போனால் சேருக்கும் இலகு. அடுத்த செமஸ்டர் அவர் படிப்பு விடுமுறையில் போய்விட்டால் பிறகு ஒருவரிடமும் அதைக் கேட்கமுடியாது.